குக்கும்பரா, ரோபோட் ஃப்ரேம்வொர்க்கா, வெறும் கோடா?

தானியங்கி டெஸ்ட்டுகளை புரோகிராம் கோடு தெரியாதவரும் படிக்கும்படி எழுத வேண்டும் என்று ஒரு டீம் முடிவெடுத்தால், பேச்சு பெரும்பாலும் இந்த மூன்றில் வந்து நிற்கும்: குக்கும்பர், ரோபோட் ஃப்ரேம்வொர்க் என்ற டெஸ்ட் கருவிகள், அல்லது சாதாரண கோடு. எதில் என்னென்ன வசதி இருக்கிறது என்று பட்டியல் போடுவதற்கு முன்னால், டெஸ்ட்டை யார் எழுதப்போகிறார்கள், யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்டுவிடுவது நல்லது.

குக்கும்பரை ஆஸ்லாக் ஹெல்லெசோய் 2008இல் ரூபி என்ற புரோகிராமிங் மொழியில் தொடங்கினார். இப்போது ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட்டிலும் உண்டு. கெர்கின் என்ற அமைப்பில் கிவன் (இருக்கும் நிலை), வென் (நடக்கும் செயல்), தென் (வர வேண்டிய விளைவு) என்று மூன்று விதமான படிகளாக எழுத வேண்டும். உதாரணத்துக்கு, ஒரு பயணி 500 ரூபாய்க்கு பஸ் டிக்கெட் எடுத்திருக்கிறார். கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்கிறார். 450 ரூபாய் திரும்பக் கிடைக்க வேண்டும். பஸ் கம்பெனி தரப்பு ஆள் இதைப் படித்துவிட்டு, "மிகச் சரியாக 24 மணி நேரம் என்றால் எந்தக் கணக்கு?" என்று கேட்டார் என்றால், கோடு எழுதும் முன்பே ஒரு பிழை மாட்டிவிட்டது. குக்கும்பரின் உண்மையான பலன் அந்தக் கேள்விதான். சேர்ந்து பேசுவதற்கான கருவி அது, டெஸ்ட் ஓட்டுவதற்கு மட்டுமானதல்ல என்று ஹெல்லெசோயே சொல்லியிருக்கிறார்.

அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை என்றால் செலவு மட்டும்தான் மிஞ்சும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு ஸ்டெப் டெஃபினிஷன், அதாவது அந்தப் படியை உண்மையில் செய்யும் கோடு, வேண்டும். வாக்கியத்தில் ஒரு சொல் மாறினாலும் பொருத்தம் விட்டுப்போய், அப்படி ஒரு படியே இல்லை என்று டெஸ்ட் நின்றுவிடும். ஒரு படியில் கிடைத்த டிக்கெட் எண்ணை அடுத்த படிக்குக் கொண்டுபோகவும் தனி ஏற்பாடு தேவை. போகப்போக டெஸ்டர்களே எழுதி டெஸ்டர்களே படிப்பார்கள். "யூசர்நேம் பெட்டியில் டைப் செய்", "லாகின் பட்டனை அழுத்து" என்று படிகள் நீளும். கோடு செய்யும் வேலையைச் சுற்றிவளைத்துச் செய்வதுதான் இது. கெர்கின் தமிழ்க் குறிச்சொற்களையும் ஏற்கும். ஆனால் அவை வரியின் தொடக்கத்தில்தான் வர வேண்டும்; நமக்கோ நிபந்தனை வினையோடு ஒட்டிக் கடைசியில் வரும். அதனால் படிக்கக் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறது.

ரோபோட் ஃப்ரேம்வொர்க் கிளம்பிய இடம் வேறு. பெக்கா கிளார்க்கின் 2005ஆம் ஆண்டு முதுகலை ஆய்வேட்டில் பிறந்து, நோக்கியா நெட்வொர்க்ஸில் வளர்ந்து, 2008இல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. இங்கே அடிப்படை கீவேர்டு, அதாவது ஒரு வேலையைச் செய்யச் சொல்லும் பெயர். பிரவுசர் திறக்க, ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) அழைக்க எல்லாவற்றுக்கும் லைப்ரரிகள் தயாராக இருப்பதால், மேனுவல் டெஸ்டிங்கில் அனுபவம் உள்ளவர் பைதான் மொழியில் கோடு எழுதாமலே தொடங்கிவிடலாம். சின்ன கீவேர்டுகளைச் சேர்த்து 'டிக்கெட்டை ரத்து செய்' என்று பெரிய ஒன்றை அவரே உருவாக்கவும் முடியும். டெஸ்ட் முடிந்ததும் படிப்படியாக விரித்துப் பார்க்கும் ரிப்போர்ட் கூடவே வரும்; கூடுதலாக எதையும் இணைக்க வேண்டாம். இந்த விஷயத்தில் என் ஓட்டு ரோபோட்டுக்குத்தான். கீவேர்டுக்கும் அதற்குக் கொடுக்கும் மதிப்புக்கும் நடுவே குறைந்தது இரண்டு ஸ்பேஸ் வேண்டும் என்ற விதி புதியவர்களை ஒரு வாரம் படுத்தும், அப்புறம் பழகிவிடும். கண்டிஷன், லூப் என்று லாஜிக் கூடும்போதுதான் தலைவலி. 4.0 பதிப்பிலிருந்து இஃப் நேரடியாகவே உண்டு, ஆனாலும் அதிலேயே புரோகிராம் எழுத உட்காராதீர்கள்; அந்தப் பகுதியை பைதான் லைப்ரரிக்குள் தள்ளிவிடுங்கள்.

மூன்றாவது வழி, தனிக் கருவியே வேண்டாம் என்பது. பைதானில் டெஸ்ட் ஓட்டும் லைப்ரரியான பைடெஸ்ட்டில் டெஸ்ட் ஃபங்ஷனுக்குப் புரியும்படி ஒரு பெயர். உள்ளே 'டிக்கெட் எடு', 'ரத்து செய்' என்ற அர்த்தத்தில் உதவி ஃபங்ஷன்கள். கோட்லின் மொழியில் பேக்டிக் குறி போட்டு முழு வாக்கியத்தையே ஃபங்ஷன் பெயராக வைக்கலாம். ஜாவாவுக்கான டெஸ்ட் லைப்ரரி ஜேயூனிட் 5இல் டெஸ்ட்டுக்குத் தனியாகக் காட்சிப் பெயர் கொடுக்கலாம். பெயர் மாற்றினால் எடிட்டரே எல்லா இடத்திலும் மாற்றிவிடும், டீபக்கர் நேராகத் தவறு நடந்த வரியில் நிற்கும். டெவலப்பர்களே எழுதிப் படிக்கும் டீமில் வேறு எதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

குக்கும்பர் பக்கம் சாய்கிறீர்களா? அதை இன்ஸ்டால் செய்யும் முன், நாலைந்து சினாரியோக்களை (மேலே சொன்ன டிக்கெட் ரத்து போன்ற சூழல்களை) வெறும் டாக்குமென்ட்டில் எழுதி வணிகத் தரப்புக்கு அனுப்பிப் பாருங்கள். திருத்தங்களோடு திரும்பி வந்தால் தாராளமாக இறங்கலாம். "நல்லா இருக்கு" என்று மட்டும் பதில் வந்தால், பைடெஸ்ட் போதும்.