வாய்வழி உறவு: எந்த நோய்க்கு எவ்வளவு பயப்பட வேண்டும்?

ஓரல் செக்ஸ் பற்றி டாக்டரிடமோ கவுன்சலரிடமோ தயக்கத்தை விட்டுக் கேட்பவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: “ஆணுறை இல்லாமல் நடந்துவிட்டது, எச்.ஐ.வி. வந்திருக்குமா?” ரத்தப் பரிசோதனையில் நெகட்டிவ் என்று வந்ததும் விஷயம் முடிந்தது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த நிம்மதியில் பாதிதான் சரி. வாய் வழியாக மிக அரிதாகப் பரவும் நோய்க்குப் பயந்து தூக்கம் கெட்டவர்கள், அதே வழியில் சுலபமாகப் பரவும் கொனோரியா, சிபிலிஸ், ஹெர்பிஸ், எச்.பி.வி. (புற்றை உண்டாக்கக்கூடிய பாப்பிலோமா வைரஸ்) ஆகிய நான்கைப் பற்றி விசாரிப்பதே இல்லை. பயத்தை எங்கே குறைக்கலாம், எங்கே கூட்ட வேண்டும் என்று இங்கே பார்க்கலாம்.

ஆணுறுப்பிலோ பெண்ணுறுப்பிலோ ஆசனவாயிலோ வாய் வைப்பதைத்தான் வாய்வழி உறவு என்கிறேன். ஒருவர் வாய் வைப்பவர், இன்னொருவர் பெறுபவர். இருவருக்கும் ஆபத்து ஒன்றல்ல.

எச்.ஐ.வி.யும் மற்ற நான்கும்

முதலில் எச்.ஐ.வி. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. தரும் கணக்கு இது. எச்.ஐ.வி. உள்ள ஒருவருடன் பாதுகாப்பில்லாமல் 10,000 முறை உறவு நடந்தால், ஆசனவாய் வழியாகப் பெறுபவருக்குத் தொற்று வர வாய்ப்புள்ளது சுமார் 138 முறை. பெண்ணுறுப்பு வழி உறவில் பெண்ணுக்கு 8, ஆணுக்கு 4. வாய்வழி உறவுக்கு அந்தப் பட்டியலில் எண்ணே கிடையாது. ‘குறைவு’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். எண் போட்டுச் சொல்லும் அளவுக்குத் தெளிவான நேர்வுகள் இல்லை.

காரணம் எச்சில். வைரஸை மட்டுப்படுத்தும் புரதங்கள் அதில் இருக்கின்றன. எச்சிலின் நீர்த்த தன்மையே வைரஸைச் சுமந்து வரும் செல்களை உடைத்தும் விடுகிறது. வாயின் உட்தோலும் ஆசனவாயின் உட்தோலைவிடத் தடிமனானது. வாய் வைப்பவருக்கு ஈறில் ரத்தக்கசிவோ வாய்ப்புண்ணோ இருந்து, விந்தும் வாய்க்குள் வந்தால் ஆபத்து கொஞ்சம் கூடும். பெறுபவருக்கு அதைவிடவும் குறைவு. எச்.ஐ.வி. உள்ளவர் கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருந்தால் உறவின் மூலம் அவரிடமிருந்து பரவாது. வாய்வழி உறவுக்கும் இது பொருந்தும்.

இப்போது கொனோரியா. நம் ஊரில் வெட்டை நோய் என்பார்கள். ஒரே கிருமி, ஆனால் எந்த இடத்தில் தங்குகிறது என்பதைப் பொறுத்து அது நடந்துகொள்ளும் விதம் முற்றிலும் வேறு. ஆணின் சிறுநீர்க் குழாயில் வந்தால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் சீழ் வடியும், சிறுநீர் போகும்போது எரியும். ஆள் பயந்து போய் டாக்டரைப் பார்த்துவிடுவார். தொண்டையில் வந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்றுமே தெரியாது. மிஞ்சிப் போனால் லேசான தொண்டைவலி. ஜலதோஷம் என்று நினைத்து வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பார். அதே தொண்டையிலிருந்து அடுத்தவரின் ஆணுறுப்புக்கு நோய் போகும்.

சிகிச்சையிலும் தொண்டைதான் கஷ்டம். மருந்து அங்கே போதிய அளவு சேருவதில்லை. இன்னொன்று, நம் எல்லோர் தொண்டையிலும் இந்தக் கிருமியின் சாதுவான உறவுக்காரக் கிருமிகள் ஏற்கெனவே வாழ்கின்றன. நாம் காய்ச்சலுக்கும் சளிக்கும் விழுங்கும் ஆன்டிபயாடிக்குகளுக்குப் பழகிப் பழகி அவை எதிர்ப்பாற்றல் பெற்றவை. அந்த எதிர்ப்பு மரபணுவைக் கொனோரியா கிருமி அவற்றிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. உலகம் முழுக்க மருந்துக்கு அடங்காத கொனோரியா பெருகுவதற்குத் தொண்டை ஒரு முக்கியமான இடம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுவது இதனால்தான். 2020 டிசம்பரில் சி.டி.சி. திருத்திய வழிகாட்டுதல், செஃப்ட்ரையாக்சோன் 500 மில்லிகிராம் ஊசி ஒன்று போடச் சொல்கிறது. தொண்டைக் கொனோரியாவாக இருந்தால் மட்டும் 7 முதல் 14 நாளுக்குள் மறுபடி பரிசோதித்து, போய்விட்டதா என்று உறுதிசெய்யச் சொல்கிறது. சிறுநீர்க் குழாய்க்கு அந்த மறுபரிசோதனை தேவையில்லை.

நம் அரசு மருத்துவமனைகளில் அறிகுறியை வைத்து மருந்து கொடுக்கும் முறை நீண்ட காலமாக இருக்கிறது. சீழ் வடிந்தால் சாம்பல் நிறப் பெட்டி, பிறப்புறுப்புப் புண்ணுக்கு வேறு நிறப் பெட்டி என்று நிறம் பிரித்து வைத்திருப்பார்கள். ஆய்வக வசதி இல்லாத ஊர்களில் இந்த முறை எத்தனையோ பேரைக் குணப்படுத்தியிருக்கிறது. ஆனால் அறிகுறியே காட்டாத தொண்டை இந்த வலையில் சிக்காது. சாம்பல் பெட்டியில் பல ஆண்டுகளாக இருந்துவந்த செஃபிக்சிம் மாத்திரையும் தொண்டைக் கொனோரியாவில் ஊசி அளவுக்கு வேலை செய்வதில்லை. மெடிக்கல் ஷாப்பில் அசித்ரோமைசின் வாங்கித் தானே போட்டுக்கொள்வது இன்னும் மோசம். நோய் போகாது, எதிர்ப்பு மட்டும் வளரும்.

சிபிலிஸ், அதாவது மேகப்புண், வேறு வகை. அது விந்துக்கோ எச்சிலுக்கோ காத்திருப்பதில்லை, புண்ணைத் தொட்டாலே போதும். தொற்றி 10 முதல் 90 நாளுக்குள், பெரும்பாலும் மூன்று வாரம் கழித்து, கிருமி நுழைந்த இடத்தில் ஒரு புண் வரும். தொட்டுப் பார்த்தால் சட்டைப் பொத்தானைத் தோலுக்கடியில் வைத்தது போல விளிம்பு கெட்டியாக இருக்கும், வலிக்காது. உதட்டிலோ நாக்கிலோ வந்தால் வாய்ப்புண் என்று விட்டுவிடுவார்கள். தொண்டையின் உள்ளே வந்தால் தெரியவே தெரியாது. சில வாரத்தில் தானாக ஆறிவிடும், கிருமியோ ரத்தத்தில் பரவியிருக்கும். சிகாகோவில் 1998 முதல் 2002 வரை நடந்த கண்காணிப்பில், விசாரிக்கப்பட்ட சிபிலிஸ் நோயாளிகளில் 13.7 சதவீதம் பேர், தொற்று வந்த காலத்தில் தங்களுக்கு இருந்தது வாய்வழி உறவு மட்டுமே என்றார்கள். ‘நாங்கள் அது ஒன்றும் செய்யவில்லையே, வெறும் ஓரல்தானே’ என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு எண் போதும். நல்ல செய்தி என்னவென்றால், ஆரம்ப நிலையில் ஒரே ஒரு பென்சாத்தின் பென்சிலின் ஊசியில் குணமாகிவிடும். இத்தனை பழைய மருந்துக்கு இந்தக் கிருமி இன்றும் அடங்குகிறது.

ஹெர்பிஸில் நோய் பெரும்பாலும் எதிர்த்திசையில் போகிறது, வாயிலிருந்து உறுப்புக்கு. உதட்டோரம் கொத்தாக வரும் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்களை ‘உடம்புச் சூடு’ என்போம். பெரும்பாலும் அது ஹெர்பிஸ் முதல் வகை வைரஸின் வேலை. உலகில் 50 வயதுக்குக் கீழுள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரிடம் இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பலருக்குக் குழந்தையில் யாரோ முத்தம் கொடுத்தபோதே வந்திருக்கும், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கொப்புளம் இருக்கும்போது, அல்லது அது கிளம்பப் போகும் குறுகுறுப்பு தெரியும்போதே, வாய்வழி உறவை நிறுத்திவைக்க வேண்டும். கொப்புளம் இல்லாத நாட்களிலும் வைரஸ் கொஞ்சம் கசியலாம் என்பதால் ஆபத்து சுத்தமாகப் போய்விடாது. மனைவி நிறைமாதமாக இருந்து, அவருக்கு இந்த வைரஸ் முன்பு வந்ததில்லை என்றால் கணவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் முதல்முறையாகப் பிறப்புறுப்பில் ஹெர்பிஸ் வந்தால், பிரசவத்தின்போது அது குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். பல ஆண்டுகளாகச் சேர்ந்து வாழும், வேறு உறவே இல்லாத தம்பதிக்கும் பொருந்தும் எச்சரிக்கை இது ஒன்றுதான்.

எச்.பி.வி.யின் கணக்கு மெதுவானது. வாயில் வந்த தொற்றைப் பெரும்பாலோரின் உடல் ஓரிரு ஆண்டில் தானே விரட்டிவிடும். விரட்டாமல் பல ஆண்டுகள் தங்கும் சிலரில், குறிப்பாக 16ஆம் வகை, தொண்டைப் புற்றாக மாறலாம். அமெரிக்காவில் டான்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் வரும் புற்றுகளில் சுமார் 70 சதவீதத்துக்கு எச்.பி.வி.தான் காரணம். நம் நாட்டில் கன்னத்தின் உட்பகுதியிலும் ஈறிலும் வரும் வாய்ப்புற்றுக்கு இன்றும் புகையிலையும் பாக்கும்தான் முதல் காரணம். வாய்ப்புற்றுக்குப் பயந்து ஓரல் செக்ஸை விட்டுவிட்டு, குட்காவை வாயில் அடக்கிக்கொண்டிருப்பவர் இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிரே வைத்துப் பார்க்க வேண்டும்.

கிளமிடியா என்ற இன்னொரு பால்வினை நோய் தொண்டையில் வருவது குறைவு. ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆசனவாயில் வாய் வைப்பவர்களுக்கு மட்டும் ஹெபடைடிஸ் ஏ, சீதபேதிக் கிருமி, குடற்புழு என்று தனியாக ஒரு பட்டியல் உண்டு.

வாய் வைப்பவரா, பெறுபவரா?

கொனோரியா, எச்.ஐ.வி., எச்.பி.வி. மூன்றிலும் வாய் வைப்பவருக்கே ஆபத்து கூடுதல். ஹெர்பிஸில் பெறுபவருக்கு. சிபிலிஸ் யாரிடம் புண் இருக்கிறதோ அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும், பக்கம் பார்க்காது. ஆணுறுப்பில் வாய் வைப்பதையும் பெண்ணுறுப்பில் வாய் வைப்பதையும் எடுத்துக்கொண்டால், கொனோரியா தொண்டைக்கு வருவது முதலாவதில் அதிகம். வாய் வைப்பவர் பெரும்பாலும் பெண்ணாகவோ, ஆணோடு உறவுகொள்ளும் ஆணாகவோ, திருநங்கையாகவோ இருக்கிறார். டாக்டரிடம் இதைச் சொல்ல அதிகம் கூச்சப்பட வேண்டியிருப்பதும் அவர்கள்தான். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவிலிருந்து வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவை நீக்கும்வரை, அந்தப் பேச்சுக்குச் சட்டத்தின் மிரட்டலும் இருந்தது. இன்று அது இல்லை. கூச்சம் மட்டும் மிச்சமிருக்கிறது.

ஆணுறை, மவுத்வாஷ், வெளியே எடுப்பது

ஆணுறுப்பில் வாய் வைப்பதற்கு ஆணுறைக்கு மாற்று இல்லை. கொனோரியாவையும் எச்.ஐ.வி.யையும் நன்றாகத் தடுக்கும். சிபிலிஸ், ஹெர்பிஸ், எச்.பி.வி. மூன்றும் மூடாத தோலிலும் இருக்கலாம் என்பதால் அவற்றில் பாதுகாப்பு ஓரளவுதான், முழுதாக இல்லை. ரப்பர் வாடை பிடிக்காதவர்களுக்காகவே வாசனை போட்ட ஆணுறைகள் விற்கின்றன. தேங்காய் எண்ணெயோ வேசலினோ தடவினால் லேடெக்ஸ் கிழியும்.

பெண்ணுறுப்புக்கும் ஆசனவாய்க்கும் வைக்கும் ரப்பர் தாள் வெளிநாடுகளில் உண்டு. நம் ஊர் கடையில் கேட்டால் கிடைப்பது கஷ்டம். ஓர் ஆணுறையைப் பிரித்து, நுனியையும் அடி வளையத்தையும் கத்தரித்து, பக்கவாட்டில் நீளமாக வெட்டி விரித்தால் அதே தாள் கிடைத்துவிடும். ஒரு பக்கத்தை மட்டும் பயன்படுத்த வேண்டும், திருப்பிப் போடக் கூடாது.

விந்து வருவதற்கு முன் வெளியே எடுப்பது எச்.ஐ.வி. ஆபத்தைக் குறைக்கும். மற்ற நான்குக்கும் அதனால் பெரிய பயன் இல்லை. துப்புவதா விழுங்குவதா என்ற கேள்விக்கும் அதே பதில்தான்.

மவுத்வாஷ் மேல் ஒரு காலத்தில் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சிறிய ஆய்வு, லிஸ்டரின் கொப்பளித்தவர்களின் தொண்டையில் கொனோரியா கிருமி குறைந்ததாக 2016இல் சொன்னது. பிறகு அங்கேயே பெரிதாக நடத்திய சோதனையின் முடிவு 2021இல் வந்தபோது, அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. வாய் மணக்க வேண்டுமானால் கொப்பளிக்கலாம். உறவுக்குச் சற்று முன்பு பல் தேய்க்காமல் இருப்பது நல்லது, ஈறில் கீறல் விழும்.

எல்லாவற்றிலும் குறைந்த தொல்லையில் அதிகப் பயன் தருவது எச்.பி.வி. தடுப்பூசி என்பது என் கருத்து. புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவேக் 2023இலிருந்து இந்தியாவில் கிடைக்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான ஊசி என்றே பெயராகிவிட்டதால் பையன்களுக்குப் போடும் யோசனையே பெற்றோருக்கு வருவதில்லை. அமெரிக்காவில் எச்.பி.வி. தொண்டைப் புற்று அதிகம் வருவது ஆண்களுக்குத்தான். உறவு தொடங்கும் வயதுக்கு முன்பே போட்டால் பலன் அதிகம்.

எங்கே, எப்போது பரிசோதிப்பது?

தனியார் லேப்களின் ‘எஸ்.டி.டி. பேக்கேஜ்’, அதாவது பால்வினை நோய்ப் பரிசோதனைத் தொகுப்பு, வசதியானது, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள். ரத்தத்திலும் சிறுநீரிலும் தெரிவதை மட்டுமே அது சொல்லும். தொண்டையை அதில் பெரும்பாலும் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையமும், பால்வினை நோய்க்குச் சுகவாழ்வு மையமும் இருக்கின்றன. இலவசம், விவரத்தை வெளியே சொல்ல மாட்டார்கள், கூடவே நோயைப் பார்த்துப் பழகிய கண் இருக்கிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. பேக்கேஜா அரசு மையமா என்றால் அரசு மையத்தையே சொல்வேன், வரிசையில் நிற்க வேண்டியிருந்தாலும்.

எங்கே போனாலும் ஒரு வாக்கியத்தைச் சொல்லியாக வேண்டும்: “டாக்டர், ஓரல் செக்ஸ் இருந்தது, தொண்டையையும் பாருங்க.” டான்சிலையும் தொண்டையின் பின்சுவரையும் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து கிருமியின் மரபணுவைத் தேடும் நாட் (NAAT) பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ஒரு நொடி குமட்டும், அவ்வளவுதான். இந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை, மருத்துவக் கல்லூரியிலோ பெரிய லேபிலோ விசாரிக்க வேண்டும்.

கால அளவு நோய்க்கு நோய் மாறும். கொனோரியாவுக்கு இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் போதும். எச்.ஐ.வி.க்கு, வைரஸின் புரதத்தையும் உடலின் எதிர்ப்புப் பொருளையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறை ரத்தப் பரிசோதனையில் 45 நாள். சிபிலிஸுக்கு வி.டி.ஆர்.எல். என்ற ரத்தப் பரிசோதனை ஒருமுறை நெகட்டிவ் என்றாலும் மூன்று மாதத்தில் மறுபடி. ஹெர்பிஸுக்குக் கொப்புளம் இருக்கும்போதே டாக்டரிடம் காட்ட வேண்டும். தொண்டை எச்.பி.வி.க்கு வழக்கமான பரிசோதனை எதுவும் கிடையாது. மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணோ கழுத்தில் கட்டியோ இருந்தால் காது மூக்கு தொண்டை நிபுணரைப் பாருங்கள். கொனோரியாவோ சிபிலிஸோ உறுதியானால் துணையும் அதே நேரத்தில் சிகிச்சை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசி போட்டவருக்கே மறுபடி வரும்.

மருத்துவமனைக்குப் போகும் முன் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 1097 என்ற எய்ட்ஸ் உதவித் தொலைபேசி எண் இருக்கிறது. கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை.