பார் சைக்கிளா, கியர் சைக்கிளா, எஸ்.எல்.ஆரா: பழசு வாங்கப் போன கதை

வீட்டிலிருந்து அம்பத்தூர் ஸ்டேஷன் மூன்று கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்து அலுத்துப்போய், பழைய சைக்கிள் ஒன்று வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். காலை எட்டு மணிக்கு ஸ்டாண்டில் போட்டால் இரவு எட்டுக்குத்தான் எடுப்பேன். வெயில், மழை, பக்கத்து வண்டி மேலே சாய்வது எல்லாம் அதன் தலையெழுத்து. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் தேவை வேறு என்றால் முடிவும் வேறாகலாம்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்ததில் மூன்று வண்டிகள் தேறின. ஒரு பெரியவர் ஓட்டிய 24 இஞ்ச் ஃப்ரேம் ஹெர்குலிஸ் பார் சைக்கிள், 1,800 ரூபாய். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் தூசி படிந்து நின்ற 21 கியர் வண்டி, 6,000. சைக்கிள் கடையில் பெயின்ட் அடித்து வைத்திருந்த, பி.எஸ்.ஏ. கம்பெனியின் எஸ்.எல்.ஆர். மாடல், 3,200.

மனசு முதலில் போனது கியர் வண்டியிடம்தான். 2020 ஊரடங்கில் ஆளாளுக்கு சைக்கிள் வாங்கினார்களே, அந்த அலையில் வாங்கியது. பத்து தடவைகூட ஓட்டவில்லை என்றார்கள். உண்மைதான், டயரில் புதுசுக்கே உரிய ரப்பர் முடிகள் அப்படியே இருந்தன. ஆனால் காற்றில்லாமல் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற வண்டி அது. டயரின் பக்கவாட்டை விரலால் மடக்கிப் பார்த்தால் வெடிப்பு வெடிப்பாகத் தெரிந்தது. அதிகம் ஓடாத வண்டி, நல்ல வண்டி இரண்டும் ஒன்றல்ல என்று அங்கேதான் புரிந்தது.

“ஃப்ரேம் அலாய் சார்” என்றார் உரிமையாளர். வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அலாய் என்றால் அலுமினியக் கலவை, காந்தம் ஒட்டாது. இதில் வைத்தவுடன் டக்கென்று ஒட்டிக்கொண்டது. ஸ்டீல். அவர் பொய் சொல்லவில்லை, யாரோ சொன்னதை நம்பியிருக்கிறார். ரிம்தான் அலாய்.

அடுத்து வண்டிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தேன். செயினை இழுத்துப் பிடிக்கும் இரண்டு குட்டிச் சக்கரங்களும் மேலே இருக்கும் பல்சக்கரத்துக்கு நேர்கீழே நிற்க வேண்டும். இதில் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன. எப்போதோ வண்டி வலப்பக்கமாக விழுந்திருக்கிறது. இப்படியே வைத்துக்கொண்டு ஏற்றத்தில் மிதிக்க லேசான கடைசி கியருக்குப் போட்டால், அந்த அமைப்பு மொத்தமும் ஸ்போக்ஸுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். முன் பிரேக்கை அழுத்தி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டியபோது ஷாக் அப்சார்பர் ‘டொக் டொக்’ என்றது. இந்த விலை வண்டிகளில் ஷாக் என்பது உள்ளே ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். எடைதான் கூடும்.

எங்கள் தெரு முனையில் கடை வைத்திருக்கும் பாயிடம் கேட்டேன். “கியர் வண்டிக்கு என்கிட்ட கேபிள் இருக்கு, பிரேக் கட்டை இருக்கு தம்பி. அதுக்கு மேல போச்சுன்னா சாமான் நீங்க வாங்கிட்டு வாங்க, மாட்டித் தரேன்.” என் கணக்கில் 6,000 ரூபாய் வண்டி அங்கேயே அடிபட்டது. பழைய சைக்கிள் வாங்கும்போது வண்டியைவிட, அதைத் தெருவிலேயே சரிசெய்ய ஆளும் சாமானும் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: மழையில் நிறுத்துவதற்கு அதன் டிஸ்க் பிரேக்குக்கு மற்ற இரண்டும் கிட்டேகூட வராது. வீட்டுக்குள் வைக்க இடமும், காலையில் இருபது கிலோமீட்டர் போகிற ஆசையும் இருப்பவர், 4,000-க்குப் பேசி முடித்தால் வாங்கலாம்.

பார் சைக்கிள் இதற்கு நேர்எதிர். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. இரண்டும் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரிப்பு, அதுவும் எங்கள் அம்பத்தூர் ஆலையிலிருந்து. அதனால் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு, தள்ளுபடி செய்து படியுங்கள். இந்த வகை வண்டியில் சாமான் ஒரு பிரச்சினையே இல்லை. அட்லஸ் சைக்கிள் நிறுவனம் 2020 ஜூன் 3 அன்று, உலக மிதிவண்டி தினத்திலேயே, டெல்லி அருகே சாகிபாபாத்தில் இருந்த ஆலையை மூடியது. அதற்காகப் பழைய அட்லஸ் வைத்திருப்பவர் கலங்க வேண்டியதில்லை. அச்சில் பால்ஸ் உருளும் கோன், கப், பெடல் தண்டை அச்சோடு இறுக்கும் காட்டர் பின், பின்சக்கரத்தின் பல்சக்கரமான ஃப்ரீவீல் எல்லாம் கம்பெனி பார்க்காமல் மாட்டலாம்.

பெரியவரின் வண்டியில் பெடல் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை ‘டிக்’ என்றது. காட்டர் பின் தேய்மானம், சில்லறைச் செலவு. நான் பின்வாங்கியது வேறு காரணத்தால். ஐந்தரை அடி உயரக்காரனுக்கு 24 இஞ்ச் ஃப்ரேம் பெரிது. சிக்னலில் நின்றால் பாருக்கு இரண்டு பக்கமும் கால் ஊன்ற முடியாமல் தடுமாறினேன். 22 இஞ்ச் என்றால் யோசித்திருப்பேன். எடையோ இருபது கிலோ. ஸ்டாண்டில் நெருக்கி நிறுத்தியிருக்கும் வண்டிகளுக்கு நடுவே தினமும் தூக்கி நகர்த்த வேண்டும். திருடனே ஒருமுறை யோசிப்பான் என்பது மட்டும் லாபம்.

எஸ்.எல்.ஆர். இரண்டுக்கும் நடுவே. எடை குறைவு, கியர் கிடையாது, நான் பார்த்ததில் கேபிள் பிரேக். புது பெயின்ட்தான் உறுத்தியது, பெயின்ட் எதையும் மறைக்கும். ஹேண்டில்பாருக்குக் கீழே இரண்டு குழாய்களும் வந்து சேருமிடத்தின் அடிப்பக்கத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். முன்னால் மோதிய வண்டி என்றால் அங்கே சுருக்கமோ வெடிப்போ இருக்கும். இதில் இல்லை. ஃப்ரேம் நம்பரும் அரம் போட்டுத் தேய்க்கப்படாமல் தெளிவாக இருந்தது. அந்த நம்பரோடு பில் எழுதித் தரச் சொன்னேன், கடைக்காரர் முனகிக்கொண்டே தந்தார். திருட்டு வண்டி என்று தெரிந்தே வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 317-ஆவது பிரிவின்படி வாங்கியவருக்கும் தண்டனை உண்டு.

செயினை அளக்க மகளின் ஒரு அடி ஸ்கேல் போதும். ஒரு பின்னில் ஸ்கேலை வைத்து, அதற்கு அடுத்ததை ஒன்று என்று எண்ணினால், 24-ஆவது பின்னுக்குச் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். இதில் ஸ்கேலைத் தாண்டி அரைக்கால் அங்குலம் நின்றது. அவ்வளவு நீண்ட செயின் பல்லையும் தின்றிருக்கும். செயினும் ஃப்ரீவீலும் மாற்ற வேண்டும் என்று காட்டி 2,700-க்கு முடித்தேன்.

எஸ்.எல்.ஆர். வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இதன் டயர் 26×1⅜, மலைவண்டி (மவுன்டன் பைக்) டயர் 26×2.125. இரண்டையும் ‘இருபத்தாறு’ என்றுதான் கடையில் சொல்வார்கள். ஆனால் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் முதலாவதில் 590 மில்லிமீட்டர், மற்றதில் 559. ஒன்று மற்றதில் ஏறாது. நான் தப்பானதை வாங்கி வந்து, திரும்பவும் பஸ் ஏறினேன்.

நான்காவதாக, பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிளும் விற்பனைக்கு வருகிறது. வண்டி மோசமில்லை. படிக்கிற பிள்ளையிடமிருந்து வாங்க எனக்கு மனசு வரவில்லை, அதனால் பார்க்கவேயில்லை.

செயின், ஃப்ரீவீல், பிரேக் கட்டை மாற்றி, ரிம் கோட்டம் எடுத்ததில் 850 ரூபாய் ஆனது. மழையில் ஸ்டீல் ரிம் வழுக்கும் என்பதால் இருபதடி முன்னாலேயே பிரேக்கைத் தொட்டுவிடுகிறேன். சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங் மட்டும்தான் பாக்கி. “அடுத்த வாரம் வாங்க தம்பி” என்று பாய் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.