சீனப் பூர்வீக ஊரைத் தேடியதில் எது கைகொடுத்தது, எது காசைத் தின்றது

என் மனைவி மலேசியாவின் பினாங்கைச் சேர்ந்த ஹொக்கியன் சீனர், அதாவது தென் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து வந்தவர்களின் வழி. குடும்பப் பெயர் ஊய். அவருடைய கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. "தோங்ஆன் பக்கம்" என்பார் மாமனார், அதோடு சரி; தோங்ஆன் அந்த மாகாணத்தில் ஒரு பெரிய பகுதி. பல வருடங்கள் விட்டு விட்டுத் தேடி, ஒருவழியாக ஊரைப் பார்த்துவிட்டோம். எதைப் பயன்படுத்தினோம் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இந்தப் பதிவு.

முதலில் எச்சில் பரிசோதனை. மரபணுவை வைத்து "தென் சீனா" என்று வந்தது. அது முகத்தைப் பார்த்தாலே தெரியுமே! சீனாவுக்குள் இருப்பவர்கள் இந்த வெளிநாட்டுத் தளங்களில் அதிகம் இல்லை, அதனால் ஊர்க்காரச் சொந்தம் மாட்டுவது அபூர்வம். ஊர் தேடுபவர்களுக்கு இது தேவையில்லை.

அடுத்து ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளம். இலவசம், அள்ள அள்ளக் குறையாத அளவுக்குச் சீன வம்சப் பதிவேடுகளின் படங்கள் இருக்கின்றன. ஆனால் ஆங்கில எழுத்தில் 'ஊய்' என்று தேடிப் பயனில்லை. அந்தப் பெயரின் சீன எழுத்து ஒன்றுதான்; கான்டனீஸ்காரர் அதையே வோங் என்பார், மாண்டரினில் ஹுவாங். சீன எழுத்து தெரிந்தாலும் ஆள் கிடைப்பது கஷ்டம். பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் வம்சப் பதிவுக்கென்றே வைத்த பெயர்; கடையிலும் அடையாள அட்டையிலும் இருப்பது வேறு பெயர். ஊர் தெரிந்த பிறகு இந்தத் தளம் தங்கம். தெரியாதவரை கடல்.

உண்மையில் வழி காட்டியது கல்லறைக் கல். ஏப்ரல் தொடக்கத்தில் வரும், முன்னோர் கல்லறைக்குப் போகும் நாளான செங் பெங்குக்குக் குடும்பமே பத்து லஞ்சாங் இடுகாட்டுக்குப் போய்ப் புல் வெட்டி, எழுத்துக்குப் புதுச் சாயம் பூசும். கல்லின் உச்சியில் பூர்வீக இடம், நடுவில் பெயர், ஓரத்தில் ஆண்டும் மகன்களின் பெயர்களும். எங்கள் கல்லில் தோங்ஆன் என்ற இரண்டு எழுத்துக்குக் கீழே பாசி மூடிய சின்ன எழுத்துகள் இருந்தன. வருடா வருடம் சாயம் பூசியவர் பெரிய எழுத்தோடு நிறுத்தியிருக்கிறார். தண்ணீர் ஊற்றி மென்மையான தூரிகையால் தேய்த்து, காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுத்தோம். அதுதான் கிராமத்தின் பெயர். ஆண்டு 'மின்குவோ 18' என்று இருந்தது; சீனக் குடியரசுக் கணக்கு அது, 1911ஐக் கூட்டினால் 1929.

இரண்டு இடத்தில் எல்லோரும் வழுக்குகிறார்கள். ஊய் வீட்டு வாசலிலும் சில கற்களிலும் 'காங் ஹா' என்றிருக்கும். அது பூர்வீக ஊர் அல்ல; ஹூபே மாகாணத்தில் இருந்த பழங்கால மாவட்டம், அந்தக் குடும்பப் பெயர்க்காரர் எல்லோருக்கும் பொது. நாங்கள் பணம் கட்டிய ஆய்வு நிறுவனம் ஒன்று, அழகான அட்டை போட்டு அனுப்பிய அறிக்கையில் பாதிக்கு மேல் இந்தப் பொதுக் கதையைத்தான் நிரப்பியிருந்தது. கல்லின் படத்தைக்கூடக் கேட்கவில்லை. இரண்டாவது, பழைய தோங்ஆன் வேறு, இன்றைய தோங்ஆன் வேறு. அந்தக் காலத்து தோங்ஆனில் இன்றைய ஷியாமென் நகரம், ஜிமெய், 2003இல் தனி மாவட்டமான ஷியாங்ஆன் எல்லாம் அடக்கம். கின்மென் தீவும் அதில்தான் இருந்தது. இப்போது தைவான் நிர்வாகத்தில் இருக்கிறது. வரைபடத்தில் இன்றைய எல்லைக்குள் மட்டும் தேடினால் தவறிவிடும்.

கிராமத்தின் பெயரை எடுத்துக்கொண்டு பினாங்கில் குடும்பப் பெயர்ச் சங்கத்துக்குப் போனோம். ஒரு பெரியவர் கல்லின் படத்தைப் பார்த்துவிட்டு, சீனர்கள் பயன்படுத்தும் வீசாட் செயலியில் யாருக்கோ குரல் செய்தி அனுப்பினார். மறுநாளே ஊரிலிருந்து பதில்! செயலிகளில் எனக்குப் பிடித்தவை இந்த வீசாட்டும், எழுத்தை விரலால் வரைந்து தேடும் ப்ளேக்கோ அகராதியும்தான்.

மலேசியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து சீனா போக விசா வேண்டியதில்லை என்பதால் பயணம் சுலபம். ஊர்க்காரர்கள் எங்களைக் குலமண்டபத்துக்கு அழைத்துப் போய், முதலில் கேட்டது பெயரை அல்ல, தலைமுறை எழுத்தை. ஒரே தலைமுறை ஆண்களின் பெயரில் ஓர் எழுத்து பொதுவாக வரும். தலைமுறை தலைமுறையாக வரும் அந்த எழுத்துகளின் வரிசை ஒரு பாட்டாகவே இருக்கிறது. கொள்ளுத்தாத்தா பெயரின் நடு எழுத்தைச் சொன்னதும் விரல் நேராக அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டது. பெயருக்குப் பக்கத்தில் 'தெற்குக் கடலுக்குப் போனார்', அதாவது தென்கிழக்கு ஆசியாவுக்குப் போனார், என்று மட்டும் இருந்தது. பழைய பதிவேடு கலாசாரப் புரட்சியில் எரிந்துபோய், நினைவிலிருந்தும் வேறு கிளைகளின் படிகளிலிருந்தும் திரும்ப எழுதியதாம்.

அப்பா வழிக்கு இதெல்லாம் சரி. மனைவியின் பாட்டி வழி அப்படியே நிற்கிறது. பதிவேட்டில் மருமகள்களுக்குப் பிறந்த வீட்டுப் பெயர் மட்டும்தான். அவர்களின் ஊர் இல்லை, சொந்தப் பெயரும் இல்லை. இப்போது மாமனாரின் அலமாரியில் பழைய பணக் கடிதங்களைத் தேடுகிறோம். அந்தக் காலத்தில் ஊருக்குப் பணத்தோடு போன கடிதங்களும் அவற்றுக்கு வந்த பதில்களும், 2013இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டவை. உறையில் கிராமத்தின் பெயர் இருக்கும். உங்கள் வீட்டிலும் பரணில் கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.