பி.எல்.லில் நான்கு தேதி வந்தால் எது ஷிப்மென்ட் தேதி?

திருப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் ஒரு பனியன் கன்டெய்னரை எடுத்துக்கொள்வோம். மார்ச் 2 அன்று திருப்பூர் ஐ.சி.டி.யில் (உள்நாட்டு கன்டெய்னர் முனையத்தில்) சரக்கை ஒப்படைத்தாயிற்று. மார்ச் 9 அன்று தூத்துக்குடியில் ஃபீடர் கப்பலில், அதாவது பெரிய கப்பல் நிற்கும் துறைமுகம் வரை கொண்டுபோகும் சிறு கப்பலில், ஏறியது. பி.எல். (பில் ஆஃப் லேடிங், கப்பல் கம்பெனி தரும் சரக்கு ஆவணம்) கையெழுத்தாகி வந்தது மார்ச் 12. கொழும்பில் மதர் வெசலுக்கு (பெரிய கப்பலுக்கு) மாறியது மார்ச் 15. எல்.சி.யில், அதாவது ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதத்தில், கடைசி ஷிப்மென்ட் தேதி மார்ச் 10.

சரக்கு நேரத்துக்குப் போய்விட்டது. ஆனால் வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கிறது. அந்தக் காகிதம் எந்த வகை என்பதைப் பொறுத்து இதே கன்டெய்னர் தப்பிக்கவும் செய்யும், லேட் ஷிப்மென்ட் ஆகவும் செய்யும். அதனால் மூன்று வகையையும் இந்த ஒரே கன்டெய்னரை வைத்துப் பார்ப்பதுதான் நல்லது.

முதலாவது, "ஷிப்டு ஆன் போர்டு" (கப்பலில் ஏற்றப்பட்டது) என்று படிவத்திலேயே அச்சடித்து வரும் பி.எல். சுத்தமாக இருக்கும், தனி முத்திரை தேவையில்லை. வங்கியில் கேள்வி குறைவு என்று பலர் இதையே விரும்புகிறார்கள். ஆனால் எல்.சி.க்கான சர்வதேச விதித்தொகுப்பான யூ.சி.பி. 600-இன் 20-வது பிரிவு சொல்வது இது: தனியாக ஆன் போர்டு தேதி இல்லையென்றால், பி.எல். வழங்கிய தேதிதான் ஷிப்மென்ட் தேதி. நம் கன்டெய்னருக்கு அது மார்ச் 12. 9-ம் தேதியே ஏறிவிட்டது என்று கப்பல் கம்பெனியின் கடிதத்தை இணைத்தாலும் பயனில்லை. இரண்டு நாள் தாமதம் என்று டிஸ்கிரிபன்சி (ஆவணக் குறை) விழும். ஏற்றிய அன்றே பி.எல். கைக்கு வரும் துறைமுகமாக இருந்தால் இந்த வகை போதும். வார இறுதி, கட்டண பாக்கி, டிராஃப்ட் திருத்தம் என்று பி.எல். தள்ளிப்போகும் இடத்தில் இது ஆபத்தானது.

இரண்டாவது, "ரிசீவ்டு ஃபார் ஷிப்மென்ட்" (ஏற்றுவதற்காகப் பெறப்பட்டது) படிவத்தில் ஆன் போர்டு குறிப்பும் தேதியும் சேர்த்து வாங்குவது. இங்கே குறிப்பில் உள்ள தேதியே ஷிப்மென்ட் தேதி. அது பி.எல். தேதிக்கு முன்னால் இருந்தாலும் சரி, பின்னால் இருந்தாலும் சரி. மார்ச் 9 என்று இருந்தால் நாம் தப்பித்தோம். முதல் வகைப் படிவத்திலும் இப்படித் தனித் தேதி போட்டு வாங்கலாம், அப்போது அந்தத் தேதிதான் செல்லும். பலருக்கு இது தெரியாமலே இருக்கிறது என்பது எனக்கு வருத்தம்தான். ஒரு வரி முத்திரையில் தீர்கிற விஷயம் இது.

ஆனால் அந்த ஒரு வரியில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் நிஜமான சிக்கல். நம் பி.எல்.லில் சரக்கைப் பெற்ற இடம் திருப்பூர், ஏற்றும் துறைமுகம் தூத்துக்குடி. இரண்டும் வேறு. இடையே லாரியோ ரயிலோ கொண்டுபோனது என்ற குறிப்பும் பி.எல்.லில் இருந்தால், வெறும் "ஆன் போர்டு மார்ச் 9" போதாது. எதில் ஏறியது, லாரியிலா கப்பலிலா? அதனால் கப்பலின் பெயரும் ஏற்றிய துறைமுகத்தின் பெயரும் குறிப்பிலேயே இருக்க வேண்டும் என்கிறது எல்.சி. ஆவணங்களைச் சரிபார்க்க வங்கிகள் பின்பற்றும் வழிகாட்டியான ஐ.எஸ்.பி.பி. 745. அச்சிட்ட "ஷிப்டு" படிவமாக இருந்தாலும் இதே கதிதான். இன்னொரு கண்ணி சில படிவங்களின் பொடி எழுத்தில் இருக்கிறது: சரக்கைப் பெற்ற இடத்துக்கான கட்டம் நிரப்பப்பட்டிருந்தால், ஆன் போர்டு என்பது அங்கிருந்து துறைமுகம் வரை கொண்டுபோகும் வண்டியில் ஏறியதையே குறிக்கும் என்று ஒரு வாசகம். அது இருந்தாலும் கப்பல் பெயர், துறைமுகப் பெயர் இரண்டும் வேண்டும். "இன்டென்டட் வெசல்" (உத்தேசித்த கப்பல்) என்று போட்டிருந்தால் உண்மையில் ஏறிய கப்பலின் பெயரும் தேதியும் கட்டாயம்.

ஃபீடர் விஷயத்தில் தவறு அதிகம் நடப்பது இங்கே. ஏஜென்ட் மதர் வெசல் பெயரையும் கொழும்புத் தேதியையும் மட்டும் குறிப்பில் எழுதிவிடுவார். எல்.சி. தூத்துக்குடியிலிருந்து கேட்டிருந்தால் அந்தக் குறிப்பு துறைமுகத்திலும் தவறு, 15-ம் தேதியாகிவிடுவதால் தேதியிலும் தவறு. தூத்துக்குடியில் ஃபீடரில் ஏறியதைத்தான் குறிப்பு சொல்ல வேண்டும்.

மூன்றாவது, மல்டிமோடல் ஆவணம், அதாவது லாரி, ரயில், கப்பல் என்று பல வழிப் பயணத்துக்கும் சேர்த்து ஒரே ஆவணம்; யூ.சி.பி.யின் 19-வது பிரிவு. திருப்பூரில் சரக்கைப் பொறுப்பேற்றதே இங்கே ஷிப்மென்ட். ஆனால் பொறுப்பேற்ற தேதி தனியாகக் குறிக்கப்பட வேண்டும். இல்லையென்றால் இதிலும் வழங்கிய தேதியான மார்ச் 12-தான் நிற்கும். மார்ச் 2 என்று குறித்து வாங்கினால் கப்பல் தாமதம் உங்கள் தலையில் விழாது. ஏற்றுமதியாளருக்கு இதைவிடச் சாதகமானது இல்லை. ஆனால் எல்.சி. "தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து" என்று கடல் பயணத்திலேயே தொடங்கினால், ஆவணத்தின் தலைப்பு மல்டிமோடல் என்றாலும் ஆன் போர்டு குறிப்பும் தேதியும் வேண்டும். அப்போது 2-ம் தேதி உதவாது.

தேதி மாறினால் கடைசித் தேதி மட்டும் மாறுவதில்லை. எல்.சி. வேறு எதுவும் சொல்லாவிட்டால் ஷிப்மென்ட்டுக்குப் பின் 21 நாளுக்குள், எல்.சி. காலாவதிக்கு முன், ஆவணங்களைச் சமர்ப்பிக்க வேண்டும். மார்ச் 2 என்றால் 23 வரை, 9 என்றால் 30 வரை. கடைசி நாளில் வங்கி வழக்கமான விடுமுறையில் இருந்தால் சமர்ப்பிக்கும் கெடு அடுத்த வேலை நாளுக்கு நகரும். ஷிப்மென்ட் கெடு மட்டும் ஒருபோதும் நகராது. பி.எல். தேதியிலிருந்து 90 நாள் என்ற யூசன்ஸ் (தவணை) எல்.சி.யில் பணம் வரும் நாளும் இதே தேதியிலிருந்துதான்: மார்ச் 2 என்றால் மே 31, மார்ச் 9 என்றால் ஜூன் 7, மார்ச் 12 என்றால் ஜூன் 10.

நான்காவதாக ஒரு குறுக்குவழியும் புழக்கத்தில் இருக்கிறது, நஷ்டம் வந்தால் நான் பொறுப்பு என்று கப்பல் கம்பெனிக்கு இன்டெம்னிட்டி கடிதம் கொடுத்து முன்தேதி போட்டு வாங்குவது. அதை நான் ஒரு தேர்வாகவே எண்ணமாட்டேன். 1976-இல் இங்கிலாந்தின் ஃபீலிக்ஸ்டோவில் 'அமெரிக்கன் அக்கார்டு' கப்பலில் டிசம்பர் 16 அன்று ஏறிய சரக்குக்கு, எல்.சி. கெடுவான 15-ம் தேதி போட்டுவிட்டார் கப்பல் கம்பெனியின் சரக்கேற்றும் தரகு நிறுவன ஊழியர் ஒருவர். ஒரே ஒரு நாள். வழக்கு அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய் 1982-இல்தான் முடிந்தது. விற்றவருக்கு அந்தப் பொய் தெரியாது என்பதால் வங்கி மோசடியைச் சொல்லி மறுக்க முடியவில்லை. தெரிந்தே கடிதம் எழுதிக் கொடுப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு எங்கே?

சரி, இந்தக் கன்டெய்னருக்கு எதை வாங்குவது? எஃப்.ஓ.பி. தூத்துக்குடி (அங்கே கப்பலில் ஏற்றுவது வரை விற்பவர் பொறுப்பு) விலை பேசியிருந்தால், கப்பல் பெயரும் துறைமுகப் பெயரும் தேதியும் கொண்ட முழு ஆன் போர்டு குறிப்புடன் இரண்டாவது வகை. வாங்குபவரும் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். எஃப்.சி.ஏ. திருப்பூர் (திருப்பூரில் ஒப்படைப்பதோடு விற்பவர் பொறுப்பு முடியும்) என்று பேச முடிந்தால் மூன்றாவதைக் கேளுங்கள், எல்.சி. திறப்பதற்கு முன்பே. திறந்தபின் கேட்டால் திருத்தக் கட்டணம், அப்புறம் வாங்குபவரின் சம்மதம் என்று நாள் ஓடும். எப்படியும் டிராஃப்ட் பி.எல். வந்த அன்றே ஏஜென்ட்டிடம் இந்த வரியை எழுதி அனுப்பிவிடுங்கள்: "ஷிப்டு ஆன் போர்டு, ஃபீடர் கப்பலின் பெயர், தூத்துக்குடி, மார்ச் 9."