டப்ளினா, பிள்செனா, பிரசெல்சா: பழைய மது ஆலைகளில் எதைப் பார்ப்பது?

பழமையான பீர் ஆலைகளையும் விஸ்கி வடிசாலைகளையும் காணச் செல்பவர்கள் முதலில் ஆலையின் வயதை விசாரிக்கிறார்கள். என்னைக் கேட்டால், நாம் நிற்கப்போகும் கட்டடத்தில் இன்றும் வேலை நடக்கிறதா என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும்.

அயர்லாந்தின் டப்ளினில் உள்ள கின்னஸ் பீர் ஆலையின் ஸ்டோர்ஹவுஸ் இந்த இடத்தில் சறுக்கிவிடுகிறது. ஆர்தர் கின்னஸ் 1759-இல் ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில் 9,000 ஆண்டுகளுக்குக் குத்தகை எழுதி வாங்கிய வளாகம்தான் அது. ஆனால் நாம் ஏறி இறங்கும் ஏழு தளங்களும் பழைய நொதிப்புக் கூடத்தில் அமைத்த கண்காட்சி மட்டுமே. பீர் தயாராவது பக்கத்துக் கட்டடங்களில்.

செக் நாட்டின் பிள்சென் இதைவிட மேல். கெட்டுப்போன 36 பீப்பாய் பீரை 1838-இல் நகரமன்றத்தின் முன் கொட்டிய ஊர், ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து யோசப் குரோல் என்ற பீர் காய்ச்சுநரை வரவழைத்தது; 1842-இல் அவர் தயாரித்த பொன்னிற பீரே பில்ஸ்னர் என உலகெங்கும் பரவியது. அந்த ஆலைக்கு அடியில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளும் நிலவறைகளின் ஒரு பகுதியில் நடக்கவிட்டு, ஓக் பீப்பாயிலிருந்து வடிகட்டாத பீரை நேராகப் பிடித்துத் தருகிறார்கள். கோடையிலும் கம்பளிச் சட்டை வேண்டும்.

பிரசெல்சின் கான்டியோன் 1900-இல் தொடங்கிய சிறிய குடும்ப ஆலை. மூன்றிலும் வயதில் இளையது, எனக்கு முதன்மையானது. கொதித்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றை மேல்மாடியிலுள்ள அகன்ற, ஆழமில்லாத செம்புத் தொட்டியில் ஓர் இரவு முழுவதும் திறந்தே ஆறவிடுகிறார்கள். ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை, காற்றோடு வரும் நுண்ணுயிர்களே பிறகு பீப்பாய்களில் அதை நொதிக்கச் செய்கின்றன. வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் மிகுந்துவிடும் என்பதால் குளிர்மாதங்களில் மட்டுமே காய்ச்சுகிறார்கள். ஆகவே அடுப்பெரியும் நாளைப் பார்க்க விரும்புகிறவர் கோடைப் பயணத்தைத் தவிர்க்க வேண்டும். பீப்பாய்களின் மேல் தொங்கும் சிலந்தி வலைகளை யாரும் கலைப்பதில்லை, பழ ஈக்களைப் பிடிக்கும் பொறுப்பு சிலந்திகளுடையது. அங்கே தரும் பீரின் புளிப்பு முதல் வாயில் முகத்தைச் சுளிக்க வைக்கும். இரண்டாம் வாய்க்குள் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

விஸ்கிதான் வேண்டும் என்பவருக்கு ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் 1779-ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொண்ட போமோர் வடிசாலை இருக்கிறது. தரையில் பரப்பி முளைகட்டும் பார்லியை மரத் துடுப்பால் புரட்டும் பழைய முறையை அது கைவிடவில்லை. வடிசாலையின் மிச்சச் சூடு பக்கத்திலுள்ள ஊர் நீச்சல்குளத்தை வெதுவெதுப்பாக்குகிறது. கப்பலோ விமானமோ பிடித்துத்தான் அங்கே போக வேண்டும் என்பதால், பிரசெல்சைப் போல ரயில் மாறும் இடைவெளியில் பார்த்துவிட முடியாது. குறைந்தது இரண்டு இரவுகளை ஒதுக்குங்கள்.