ப்ரோக்பேக் மவுண்டனா, மூன்லைட்டா: முதலில் எதைப் பார்ப்பது?

இரண்டும் ஆண்களுக்கிடையிலான காதலைப் பேசும் படங்கள். ஆனால் செய்யும் வேலை வேறு.

ஆங் லீயின் ‘ப்ரோக்பேக் மவுண்டன்’ (2005), 1963-ல் அமெரிக்காவின் வயோமிங்கில் ஆடு மேய்க்கப் போகும் என்னிஸ், ஜாக் இருவரையும் இருபது ஆண்டுகள் பின்தொடர்கிறது. என்னிஸைத் தடுப்பது பயம். ஒரு ஆணோடு வாழ்ந்ததற்காகக் கொல்லப்பட்டவரின் சடலத்தைச் சிறுவயதில் அப்பாவே கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். அந்தக் காட்சி சில நொடிகள்தான். அதைத் தவறவிட்டால் ஜாக்கோடு சேர்ந்து வாழ அவன் ஏன் மறுக்கிறான் என்பது பிடிபடாது. வெறும் கோழை என்று தோன்றிவிடும். என்னிஸின் மனைவி ஆல்மாவின் வலியையும் படம் ஒதுக்குவதில்லை, அது பெரிய நேர்மை.

பேரி ஜென்கின்ஸின் ‘மூன்லைட்’ (2016) மியாமியில் நடக்கிறது. நாயகன் ஷைரனின் வாழ்க்கையின் மூன்று பருவங்களுக்கு மூன்று நடிகர்கள். படப்பிடிப்பின்போது அவர்கள் சந்திக்க இயக்குநர் விடவில்லை. ஆனாலும் குனிந்த தலையும் தயங்கும் பார்வையும் மூவரிடமும் ஒன்றாகவே இருக்கின்றன. சாப்பாட்டு மேசையில், தன்னை இழிவாக அழைத்த சொல்லுக்கு அர்த்தம் கேட்கிறான் சிறுவன். அவனுக்கு அரவணைப்புத் தரும் ஹுவான் அவனைத் திருத்தப் பார்க்கவில்லை. தான் யார் என்பதை இப்போதே தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்கிறார். தன்னை ஏற்கத் தவிக்கும் ஒருவருக்கு இதைவிட ஆறுதலான காட்சி சினிமாவில் அரிது.

‘மூன்லைட்’டில் வசனம் குறைவு, மௌனம் அதிகம். கைபேசியில் துண்டு துண்டாகப் பார்த்தால் கடைசிப் பகுதியில் வரும் உணவகக் காட்சியின் கனம் போய்விடும். தன்னைப் பற்றிய குழப்பத்தில் இருப்பவர் ‘மூன்லைட்’டில் தொடங்கட்டும். மறைத்து வாழ்வதன் விலையை வீட்டாருக்குப் புரியவைக்க ‘ப்ரோக்பேக்’தான் சரி.