மனப்பாடக் கையா, உணரும் கையா?

பொதுவாக, உணரி (சென்சார்), கணினி, மோட்டார் ஆகிய மூன்றும் இணைந்து இயங்குவதே ரோபோ. அதன் இரு வகைகளைக் குமரி மாவட்டத்துத் தொழில்களோடு பொருத்திப் பார்க்கலாம்.

முதல் வகை, பதிந்து வைத்த அசைவையே மாறாமல் திரும்பச் செய்யும். 1961இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் சூடான வார்ப்புகளை எடுத்து வைத்த யூனிமேட் இவ்வகையே. முந்திரி ஆலையில் ஒரே அளவு டின்களை அடுக்க இது தாராளமாகப் போதும்.

இரண்டாம் வகை, கேமராவும் அழுத்த உணரியும் தரும் தகவலைக் கொண்டு, கணத்துக்குக் கணம் தன் அசைவைத் திருத்திக்கொள்ளும். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்ட இதுவே வேண்டும். ஏனெனில் பட்டையின் தடிமன் மரத்துக்கு மரம் மாறும் என்பதோடு, பால்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில் செறிந்திருப்பதால் கத்தி ஆழமாக இறங்க வேண்டியிருந்தும், அதற்கும் உள்ளேயுள்ள மெல்லிய வளர்திசுவைத் தொட்டுவிட்டால் அங்கே காயம் பட்டுப் புதுப்பட்டை சீராக வளராது. போதாக்குறைக்கு மரங்கள் வளைந்திருக்கும், நிலமும் சரிவு.

டின் அடுக்கக் கேமரா வாங்குவது வீண்செலவு. தோட்டத்திலோ, ரப்பர்பால் தெறித்த கேமராக் கண்ணாடியைத் துடைக்கவே ஓர் ஆள் தேவைப்படும் என்பதால், இப்போதைக்குக் கத்தி தொழிலாளியின் கையிலேயே இருப்பது நல்லது.